வேற வீடு இருக்கா

வண்ணார்பேட்டையில் மாடியேறிப் போகிற கடை.
காஜா மைதீன் கண்ணாடி மேசைமேல்
நாலு பெட்டிகளை எடுத்து வைத்தார்.
வெறும் பெட்டிகள். உள்ளே போட வேண்டிய டிஸ்க்
என் கைப்பையில், பழைய துண்டில் சுற்றி இருந்தது.

முதலாவது பிளாஸ்டிக். நீல விளக்கு எரியும்.
“பாக்க ஷோக்கா இருக்கும், மே மாசம் தாங்காதுக்கா.”
அடுத்ததில் குட்டி விசிறி.
ராத்திரி அது சுற்றுகிற சத்தத்துக்கு
எப்சிபா எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.
மூன்றாவது விலை கூடினது.
அதில் எழுதினதை அந்தப் பெட்டிதான் படிக்கும்.
பெட்டி செத்தால்
டிஸ்க் உயிரோடு இருந்தும் ஊமை.
அப்படி ஒரு வீட்டில் ஏழு வருஷம் இருந்தாயிற்று.
தள்ளி வைத்தேன்.

நாலாவது அலுமினியம். தடியன். அழகில்லை.
உள்சூட்டைத் தன் தோல்வழியே வெளியே விடும்.
நாலு திருகாணி, தனி அடாப்டர்.

என்ன இருக்கு இதுல, என்று கேட்டார்.
முப்பத்தெட்டுக் கடைகளின் ஜிஎஸ்டி என்றேன்.
மேலப்பாளையம் ஜவுளி, முக்கூடல் பீடிக் கம்பெனி,
கடைசித் தேதி ராத்திரி பில்லோடு வருகிற
சமாதானபுரம் டயர்க்கடை.
பதினோராயிரம் படங்களைச் சொல்லவில்லை.
முக்கால்வாசி ஆசீர் எடுத்தது.
சிந்துபூந்துறை வீட்டில் தண்ணீர் ஜன்னல் ஏறின அன்று
டிஸ்க்கை மட்டும் கழற்றி
ரேஷன் கார்டோடு மாவுக் கவரில் கட்டி
தலைக்குமேல் பிடித்துக்கொண்டு
இடுப்புத் தண்ணீரில் வந்தவனும் அவன்தான்.
அதையும் எழுதத்தான் வேண்டும்.

“இதப் பாருங்க” என்று அஞ்சாவதை எடுத்தார்.
“ரெண்டு டிஸ்க் போடலாம். கண்ணாடி மாதிரி.
இதுல எழுதுறது அதுலயும் தானா எழுதிக்கிடும்.”
தப்பா அழிச்சிட்டா?
“அதுலயும் அழிஞ்சிரும்.”
அந்த நிமிஷமேவா?
“அந்த நிமிஷமே.”
இடி விழுந்தா?
சிரித்தார்.
ஒரே அடாப்டரில் ரெண்டு பேர்.

“அப்ப தனித்தனியா ரெண்டு எடுத்துக்கிடுங்க.
ஒண்ணு உங்க வீட்டுல, ஒண்ணு வேற வீட்டுல.
அதான் பேக்கப்பு.
ஒரே வீட்டுல எத்தன வச்சாலும் ஒரு வெள்ளம் போதும்லா.
வேற வீடு இருக்காக்கா?”

இருக்கு என்றேன்.
ஆலங்குளத்தில்.
ஆனி மாதத்திலிருந்து இருக்கு.

அலுமினியம் ரெண்டு, புது டிஸ்க் ஒன்று.
நூற்றைம்பது குறைத்தார்.

பழையதிலிருந்து புதியதுக்கு நகல் ஓடியது.
மீதி பதினாலு மணி நேரம் என்றது,
பிறகு மூன்று நாள், பிறகு நாற்பது நிமிஷம்.
அதை நம்பாமல் தோசை சுட்டேன்.
கடைக் கணக்குகளைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினேன்.
படங்களுக்குப் பூட்டில்லை.
அவன் வைத்த பெயர்கள் ஒவ்வொன்றாகப் போயின:
எப்சி பல்லு விழுந்தது.
எப்சி பல்லு ரெண்டாவது, சரியா விழல.
மணப்பாடு, மழை.
மூன்று பேரும் நிற்கிற படங்களை
இதிலிருந்து எடுத்துவிடலாமா என்று
ஒரு நேரம் கை மவுசுக்குப் போனது.
எடுக்கவில்லை. நகல் என்றால் நகல்.

சனிக்கிழமை காலை பெருமாள்புரம் வாசலில்
அவன் வண்டியை அணைக்கவில்லை.
மகள், மகளின் பை, தண்ணீர் பாட்டில்,
அப்புறம் இந்தப் பெட்டி.
“அடாப்டர மாத்திச் சொருகிராத. பன்னெண்டு வோல்ட்டு.
மூணு மாசத்துக்கு ஒருக்க கொண்டாந்தா
புதுச ஏத்தித் தாரேன்.”
சரி என்றான். புரட்டிப் பார்த்தான்.
“ஒரு திருகாணி லூசா கெடக்கு” என்று
நகத்தால் முடுக்கினான்.

எப்சிபா அதை மடியில் வைத்துக்கொண்டாள்.
வேகத்தடை பாத்துப் போ என்றேன்.
தெருமுனை திரும்புகிறபோது இன்னொரு தரம்
கத்திச் சொன்னேன்.
ஓடாத டிஸ்க்குக்குக் குலுங்கினால் ஒன்றும் ஆகாது.
எனக்குத் தெரியும்.