பூச்சு

மழை பிடித்த மூன்றாம் நாள்
உள்ளறைச் சுவரில் ஓதம் ஏறியது.
"பூச்சு போயிட்டு" என்றார் வீட்டுக்காரர்
குடையை மடக்காமலே.
"தை பொறக்கட்டும், பாப்போம்.
ஆணி கீணி அடிச்சிராதிய."

அவர் போன பிறகு
நாலு வயது மெர்சின் கேட்டாள்:
"பூச்சு எங்க போயிட்டு?"
அவளே கண்டுபிடித்தாள்.
கட்டிலுக்கு நேர் மேலே
ஒரு முதுகு, தொங்கின காது, மூன்று கால்.
"இந்தா இருக்குல்லா."

ஜெபசீலிக்கு அது பூஞ்சை.
சுகாதார நிலையத்தில் நாளெல்லாம்
இளைப்பு வந்த பிள்ளைகளின் மூக்கில்
மாஸ்க் பிடித்துவிட்டு வருகிறவள்.
பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தேய்த்தாள்.
நாற்றம் போனது, கறை போகவில்லை.
"எதையாவது தொங்கவிட்டு மறைங்க.
கனமா."

பணகுடியில் காற்று அடங்கிய மாதம்.
வைகாசி தொட்டு எங்களை விரட்டிய விசிறிகள்
மலையைப் பார்த்துச் சும்மா நிற்கின்றன.
எனக்குப் பகல் ஷிப்ட் மட்டும்.
இரவுகள் கையில் மிச்சம்.

சுயம்பு டெய்லரிடம்
வெட்டுத்துணி ஒரு சாக்கு வாங்கினேன்.
"பிள்ளைக்குச் சட்டையாவே?"
"செவத்துக்கு."
அவர் சிரிக்கவில்லை.
காலரில் குத்தியிருந்த ஊசியை உருவிக் கொடுத்தார்.

சாரத்தின் கட்டம் வயலானது.
யாருடைய பள்ளிச் சீருடையோ, அந்தப் பச்சை மலை.
ஜெபசீலியின் கிழிந்த வெள்ளைக் கோட்டு மேகம்.
என் வேலைச் சட்டையில்
இருட்டில் மின்னும் வெள்ளிப் பட்டையை வெட்டி
விசிறிக்கு மூன்று இறக்கை.

உள்ளே இலவம் பஞ்சு.
முதல் தடவை தலையணை மாதிரி அடைத்துத் தூக்கினேன்.
பஞ்சு முழுக்க அடியில் இறங்கி
வயலுக்குத் தொந்தி போட்டது.
பிரித்தேன்.
மெல்லிசாய்ப் பரப்பி
அடித்துணி, பஞ்சு, மேல்துணி மூன்றையும் சேர்த்து
விரற்கடைக்கு ஒரு ஓட்டம்,
குறுக்கும் நெடுக்கும்.

எண்பது மீட்டர் உயரத்தில்
ஒவ்வொரு போல்ட்டுக்கும்
எவ்வளவு முறுக்க வேண்டுமென்று எண் இருக்கிறது.
நூலுக்கு இல்லை.
இறுக்கினால் மலை சுருங்கியது.
தளர்த்தினால் வயல் தொளதொளத்தது.
மேகத்தில் ஒரு சொட்டு ரத்தம்.
அதன்மேல் ஒரு பறவையைத் தைத்துவிட்டேன்.

பரண் விளிம்பில் கயிறு கட்டி
மூங்கில் கம்பில் மாட்டிய இரவு
நாற்கரச் சாலை லாரி ஒன்றின் வெளிச்சம்
ஜன்னல் வழியே வந்து
மூன்று இறக்கைகளையும்
ஒரு நொடி பற்றவைத்துப் போனது.
"ஏ அப்பா" என்றாள் ஜெபசீலி.
நான் கொஞ்சம் மிதப்பில்தான் இருந்தேன்.

மெர்சின் அழுதாள்.
"பூச்சுக்கு மூச்சு முட்டும்."

அரைமணி நேரம் பொறுத்துப் பார்த்தேன்.
பிறகு கத்திரிக்கோலை எடுத்தேன்.
பத்து நாள் தையலை
நட்டநடு வயலில் மூன்று பக்கம் வெட்டி
ஓரம் மடித்து
என் பழைய பேண்டின் பொத்தானை வைத்து
ஒரு கதவு.

"மறைக்கத்தானே சொன்னேன்" என்றாள் ஜெபசீலி.
ஆனால் விளக்கைப் பிடித்துக்கொண்டு
முடியும்வரை நின்றவளும் அவள்தான்.

அதன்பின் தினமும்
பொத்தானைக் கழற்றி
ஏதோ ரகசியம் சொல்லி
பொத்தானைப் போட்டுவிட்டுத்தான் தூக்கம்.

சித்திரையில் சுவர் காய்ந்தது.
வைகாசியில் கச்சான் கிளம்பிவிட்டது,
எனக்கு இரவு ஷிப்ட்.
ஒன்பது மணிக்கு போன்.
"எப்பா, பூச்சுக்கு ஒரு காலக் காணும்."
காற்று இரைச்சலில் நான் சொன்ன சமாதானம்
எனக்கே கேட்கவில்லை.

விடியற்காலை வந்தேன்.
வயலின் கதவு திறந்து கிடந்தது.
மெர்சின் கட்டிலில் குறுக்கே கிடந்தாள்.
சுவரில் முதுகு மங்கல், காது மங்கல்.
கால்கள் மட்டும் பளிச்சென்று
பழுப்பாய், நேராய்
நான்கு.
விரலை வைத்து முகர்ந்தேன்.
டிஞ்சர்.

அடுக்களையில் ஜெபசீலி
முதுகைக் காட்டிக்கொண்டு தோசைக்கல்லைத் துடைத்தாள்.
"வீட்டுக்காரர் வெள்ளையடிக்க ஆள் அனுப்புதாராம்.
அந்த ரூம் வேண்டாம்னு சொல்லிட்டேன்."