மூன்று யூனிட்

புக்கரெஸ்ட் வந்து இறங்குகிறவர்கள் கையில் வைத்திருக்கும்
வரைபடத்தில் அந்தத் தேவாலயம் இல்லை.
என் பட்டியலில் இருக்கிறது:
பதினோராம் பிளாக், பின்பக்கம், ஒற்றை மீட்டர்.

எட்டு மாடிக் கட்டடங்கள் நான்கு
தோளோடு தோள் ஒட்டி நின்று மறைக்கின்றன,
கல்யாண வீட்டில் கடன்காரனை மறைப்பதுபோல.
நடுவில் ஒரு சந்து.
குப்பைத் தொட்டி, டயர் கழற்றிய டாச்சியா கார்,
கொடியில் யாருடையதோ ஏழு காலுறைகள்
(எட்டாவதை நானும் தேடினேன்).
அதையும் தாண்டினால்,
குனிந்து நுழைய வேண்டிய வாசலோடு
முந்நூறு வருடச் செங்கல்.

நான் கும்பிட வந்தவன் இல்லை.
மின்சாரக் கம்பெனி ஆள்.
மெழுகுவர்த்தி விற்கும் ஸ்மரான்டா
சாவியைக் கையில் தரமாட்டாள், மேசையில் வைப்பாள்.
கைக்குக் கை போனால் சண்டை வருமாம்.

"இது இங்கே கட்டினதில்லை, தெரியுமா?
நடந்து வந்தது."

அகலச் சாலை போட வந்தவர்கள்
தெருவையே இடித்துக்கொண்டு வந்தார்களாம்.
இதை மட்டும் ஏனோ
அடித்தளத்தோடு அறுத்து, கீழே தண்டவாளம் கொடுத்து,
நூற்றறுபது மீட்டர் தள்ளிப்போய் ஒளித்துவைத்தார்கள்.
அவளுக்கு அப்போது ஒன்பது வயது, நாலாவது மாடி.
மூன்று வாரம், சமையலறை ஜன்னலில்
சிலுவை இடமிருந்து வலமாக
விரல் விரலாய் நகர்ந்தது.

"வீட்டில் என்ன சொன்னார்கள்?"

"ஒன்றும் சொல்லவில்லை.
உருளைக்கிழங்கு எந்தக் கடையில் வந்திருக்கிறது என்று
பேசிக்கொண்டிருந்தோம்."

உள்ளே புகையேறிய சுவர்.
கண் சுரண்டப்பட்ட ஒரு புனிதர்,
கண் மிஞ்சிய இன்னொருவர்.
நகர்த்தியதில் கிழக்கு ஒரு விரற்கடை பிசகிவிட்டது.
முன்பெல்லாம் அக்டோபரில், திருநாள் காலையில்,
பரஸ்கேவாவின் முகத்தில் சரியாக விழுமாம் வெயில்.
இப்போது அது
மீட்டர் பெட்டியில் விழுகிறது.

இன்று விழுந்தது.
எனக்கு டார்ச் தேவைப்படவில்லை.
போன மாதம் நாலாயிரத்து நூற்று இருபத்தேழு.
இன்று நூற்று முப்பது.
ஒரு மாதத்துக்கு
மூன்று யூனிட் எரித்திருக்கிறது தேவாலயம்.
என் வீட்டுக் குளிர்பெட்டி ஒரு வாரத்தில் அதைத் தின்றுவிடும்.

வெளியே தகரக் கூரையின் கீழ் இரண்டு தட்டுகள், மணல் நிரப்பி.
பச்சைப் பெயிண்டில் மேலே: உயிரோடிருப்பவர்கள்.
கீழே: இறந்தவர்கள்.
எனக்கே தெரியாமல் ஒரு வர்த்தி வாங்கியிருந்தேன்.

தம்பி வலேர்
ஸ்ட்ராபெரி பறிக்க ஸ்பெயின் போனவன்.
ஆறு வருடம்.
அவன் எண்ணுக்கு அடித்தால் ஒரு பெண்குரல் வரும்.
இந்த எண் உபயோகத்தில் இல்லை என்பாள் போல.
எனக்கு மனப்பாடமான ஒரே ஸ்பானிய வாக்கியம் அதுதான்.

மேல் தட்டில் வைத்து, அவன் இல்லையென்றால்?
இருட்டில் அவனுக்கு ஒரு வர்த்தி குறையும்.
கீழ்த் தட்டில் வைத்து, அவன் இருந்தால்?
சொந்த அண்ணனே
குழி வெட்டினான் என்றாகும்.
ஸ்மரான்டா சில்லறை எண்ணிக்கொண்டிருந்தாள்.
அவளிடம் கேட்கவில்லை.
வர்த்தியின் அடிப்பகுதி
உள்ளங்கைச் சூட்டில் பிசுபிசுத்தது.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு.
தட்டித் தட்டியும் திறக்காத வீட்டுக்கு
பூஜ்யம் எழுதக்கூடாது.
பழைய மாதங்களைப் பார்த்துச் சராசரி போடவேண்டும்.
உள்ளே ஆள் இருக்கிறார், விளக்குப் போடுகிறார்,
சத்தம் மட்டும் கேட்கவில்லை
என்றே கொள்ளவேண்டும்.

மேல் தட்டில் செருகினேன்.
கொஞ்சம் சாய்ந்துதான் நின்றது.
நிமிர்த்தப் போனால் அணைந்துவிடும்போல் இருந்தது,
விட்டுவிட்டேன்.

சாவியை மேசையில் வைத்தேன்.
பன்னிரண்டாம் பிளாக்கில்
இன்னும் நாற்பது வீடு பாக்கி.
லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று
கீழேயே எழுதி ஒட்டியிருந்தார்கள்.