தகுதிச் சீட்டு

மணி பத்தரை. ஐடஹோ ஃபால்ஸ்.
ஆற்றோரம் வெள்ளை வெளேரென்ற கோயிலுக்குள்
என் மகள் ஸிக்னி கைபிடிக்கிறாள்.
நான் வெளியே, புல்வெளியில்,
கல்யாணக் கோட்டுடன்.

உள்ளே போகச் சீட்டு வேண்டும்,
பிஷப் கையெழுத்துப் போட்டது.
பிஷப் என்றதும் எனக்குக்
கோலும் அங்கியுமாய் யாரோ நினைவில் வந்தார்.
இங்கே அவர் டயர்க்கடைக்காரர்.
நேற்று விருந்தில் எனக்கு உருளைக்கிழங்கு பரிமாறியவர்.

விருந்திலேயே தொடங்கிவிட்டது.
"இரட்சிப்பு உண்டா உங்களுக்கு?" என்றேன் சம்பந்தியிடம்.
"உண்டே, எல்லாருக்கும் உண்டு" என்றார் க்ளாய்ட்
உப்பை என் பக்கம் நகர்த்தியபடி.
அவருக்கு அது கல்லறையிலிருந்து எழுவது;
அதற்கு மேல் மாடிகள் இருக்கின்றன.
என் லுத்தரன் வீட்டில்
அந்தச் சொல்லுக்கு மேல் மாடியே கிடையாது.
இருவரும் ஆம் என்றோம்.
அந்த ஆமில்தான் சண்டை.
ஒருவர் இல்லை என்றிருந்தால்
சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்போம்.

என் மனைவி எங்கள் கல்யாண வாக்கைச் சொன்னாள்:
"மரணம் பிரிக்கும்வரை."
சம்பந்தியம்மாள் முகம் வாடிப்போனது,
யாரோ விவாகரத்துக்கு
நாள் குறித்துவிட்டதைப் போல.
இன்று என் மனைவி ஹோட்டல் அறையைவிட்டு வரவில்லை.

புல்வெளியில் இன்னொருவன், மாப்பிள்ளையின் அண்ணன்,
ஆர்லோ.
"உனக்குச் சீட்டு இல்லையா?"
"இருந்தது. இதை விட முடியல" என்று
ஃப்ளாஸ்க்கைக் காட்டினான்.
காபி.
"இன்னும் ரெண்டு மூணு விஷயமும் இருக்கு.
தகுதியில்ல" என்றான்,
நாளைக்கு மழை என்பதுபோல.

எங்கள் சபையில் அந்தச் சொல்லோடுதான் ஜெபமே தொடங்கும்.
தகுதியில்லை என்று முழங்கால் மடக்கினால்
கதவு திறக்கும், கிருபை வரும்.
இங்கே அதே சொல்
கதவைச் சாத்துகிறது.

இதை அவனுக்கு விளக்க வாயெடுத்தேன்.
அப்புறம் கணக்குப் பார்த்தேன்:
ஐம்பது வருஷமாய் ஞாயிறுதோறும் சொல்கிறேன்
தகுதியில்லை, தகுதியில்லை என்று.
ஒரு பைசா செலவானதில்லை.
இவன் ஒரே தடவை உண்மையாய்ச் சொன்னான்,
தம்பி கல்யாணத்தை விலையாய்க் கொடுத்து.

வாயை மூடிக்கொண்டேன்.
ஃப்ளாஸ்க் மூடியில் ஊற்றித் தந்தான்.
கசப்பு. சர்க்கரை இல்லை.
இரண்டாவது மூடியும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

கதவு திறந்தது.
வெள்ளையில் ஸிக்னி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி,
பக்கத்தில் லமார்.
என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.
"அப்பா, அழுதீங்களா?"

"காற்றும்மா."

ஆற்றில் ஓர் அலை இல்லை.
கொடிக்கம்பத்தில் கொடி தொங்கிக்கிடந்தது.

"ஆமா" என்றான் ஆர்லோ,
"காலையிலிருந்து பலத்த காற்று."