கீழ்ப்பாதி, மேல்பாதி

கறையான் தின்ற கதவைக் கழற்றிப்
பதினொரு நாளாகிறது.
வாசலில் ஒரு ப்ளைவுட் பலகை,
முட்டுக்கு ஒரு செங்கல்.

பூபாலன் இரும்புக் கதவு என்கிறார்.
உம்சின்டோ முழுக்க இரும்புதான், போய்ப் பார் என்கிறார்.
பார்த்தேன்.
ஜெயிலுக்கு எதிரே ஜெயில்.
தகரக் கூரையும் பலகைச் சுவருமாய்
ஒருபக்கம் சாய்ந்த எங்கள் வீட்டுக்கு அது
பொக்கை வாயில் ஒற்றைத் தங்கப்பல்.

ஸ்காட்பர்க் கடையில் அலுமினியம் காட்டினார்கள்.
வெள்ளை, சாம்பல், அப்புறம் ‘மரம் மாதிரி.’
மாதிரியைத் தட்டினேன்.
பிஸ்கட் டின்.

டர்பன் போகும் வழியில்
இடித்த வீடுகளின் சாமான் விற்கும் முற்றத்தில்
குளியல் தொட்டிகளுக்குப் பின்னால் நின்றது
இடுப்பில் இரண்டாய் அறுத்த கதவு.
மேல்பாதி திறந்தால் காற்று, கரும்புச் சாம்பல்,
எதிர்வீட்டு ஸந்திலேயின் வம்பு.
கீழ்ப்பாதி சாத்தினால் கோழி வராது.

“குரங்கு?” என்றார்.
“அதற்கு ஜன்னல் தெரியும்” என்றேன்.

ஆயிரத்தெண்ணூறு ராண்டுக்கு இறங்கி வந்தான்.

வூசி தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுச் சிரித்தான்:
“கதவு நேர்தான், மா. வீடுதான் கோணல்.
எதைச் சீவட்டும்?”
மேல் மூலையில் இரண்டு விரல் இடித்தது.
பூபாலன் என்னைப் பார்த்தார்,
முப்பது வருஷமாய்ப் பார்க்கிற அதே பார்வை.

கதவைச் சீவச் சொன்னேன்.

சுருள் சுருளாய் விழுந்தது மரம்.
உள்ளே செம்மண் நிறம், மிளகு வாசனை.
கோணலுக்குக் கோணல் பொருந்தி
சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

இன்று காலை
கீழ்ப்பாதியின் மேல் ஒரு குரங்கு,
வாடகை வசூலிக்க வந்தவன் போல்.

வாழைப்பழத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு
பூபாலன் சொன்னார்:
“இரும்பு.”