கலங்கல்

ஜாம் பாட்டில் ஒன்றைக் கழுவி
கரையின் காலடியில் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.
விடிந்ததும் கசிவு நீரை அதில் பிடித்து
வெளிச்சத்துக்கு நேரே தூக்குவேன்.
பாட்டிலுக்கு அப்பால்
பள்ளத்தில் இருக்கும் பள்ளிக்கூடத்தின்
தகரக் கூரை தெரிந்தால்
நோட்டில் ஒரே சொல்: தெளிவு.

கசியாத மண்கரை இல்லை.
மஸ்விங்கோவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த
நீர்வளத் துறைப் பெண் சொன்னாள்,
எவ்வளவு வருகிறது என்று எண்ணுங்கள்,
எதைக் கூட்டிக்கொண்டு வருகிறது என்று பாருங்கள்.
இருபது லிட்டர் வாளி நிறைய
என் நாடித்துடிப்பு அறுநூற்றுச் சொச்சம்.
கைக்கடிகாரம் கேட்டு எழுதியிருக்கிறோம்.
பயந்த நாட்களில் நாடி ஓடும்,
கணக்கு தப்பும்.

மட்ஸிவிரேயின் மாடுகள்
கரைமேல் ஏறி இறங்கி வழி போட்டுவிட்டன.
குளம்பு போட்ட கோடு
முதல் மழைக்கு வாய்க்கால்.
முள்கம்பியும் இல்லை, அவர் ஆட்டுப்பட்டியில் இருக்கிறது.
அபராதம் ஓர் ஆடு என்று தீர்மானித்தோம்.
கூட்டம் முடிய ஆட்டைத் தின்றோம்,
அவரும்தான் தின்றார்.
மறுநாள் மாடுகள் கரைமேல் நின்றன.

பிப்ரவரியில் மூன்று நாள் விடாத மழை.
நாலாம் காலை பாட்டிலைத் தூக்கினேன்.
கூரை இல்லை.
பால் விட்ட தேநீர்.
ஒரு வாய் வைத்துப் பார்த்தேன்,
பல்லிடுக்கில் நறநறத்தது கரை.

ஊற்று வந்த இடம் எனக்குத் தெரியும்.
அங்கே ஒரு முசாசா நின்றது.
வெட்டிவிடலாம் என்று கூட்டத்தில் பேச்சு வந்தபோது
துணி துவைக்க நிழல் வேண்டும் என்று
முதலில் கை தூக்கியவள் நான்.
வறண்ட வருஷத்தில் மரம் தானாகச் செத்தது.
விறகை எடுத்துக்கொண்டோம்.
வேர் உள்ளே மக்கி மக்கி
தன் உருவத்திலேயே
தண்ணீருக்கு வழி விட்டிருக்கிறது.

மட்ஸிவிரே ஒரு மூட்டைக் களிமண்ணோடு ஓடிவந்தார்.
அடை, அடை என்று எல்லோரும்.
ஓட்டையைப் பார்த்தால்
யாருக்குமே கை முதலில் அங்கேதான் போகும்.
நான் குறுக்கே உட்கார்ந்தேன்,
சேற்றில், பாவாடை நனைய.
அடைத்தால் அது வேறிடம் தேடும்.
நமக்குத் தெரியாத இடம்.
நீர் போகட்டும்,
மண்ணை மட்டும் நிறுத்துவோம்.

முதலில் ஆற்று மணல்,
அதன்மேல் சரளை, அதற்கும் மேல் கல்.
சுமந்தவை அதே மாடுகள்.
கலங்கலில் பையன்கள் கட்டியிருந்த
மீன்தட்டியைப் பிடுங்கி எறிந்தோம்,
அடைபட்டிருந்த ஏரி ஒரே மூச்சில் பெருமூச்சு விட்டது.
பள்ளிப் பிள்ளைகளைச் செகாய்
பாறைமேட்டுக்கு ஓட்டிப் போனாள்.
மதகுச் சக்கரம் துருவில் ஒட்டிக் கிடந்தது.
கடப்பாரை போட்டு நாலு பேர்
பதினொரு சுற்று.
எங்கள் குளிர்காலத்துக் கோவோ கீரை முழுவதும்
சத்தம் போட்டுக்கொண்டு ஆற்றோடு போனது.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.

மதியம் தேநீரில் பால் குறைந்தது.
மூன்றாம் நாள்
பாட்டிலுக்குள் ஏதோ பளபளத்தது.
தெளிவு என்று எழுதக் கை போய்
நிறுத்திவிட்டு எழுதினேன்:
கூரையின் ஓரம், ஒரு தகடு.

இது செப்டம்பர்.
ஏரியில் பாதிதான் தண்ணீர்,
பாத்திகளில் பாதிதான் பச்சை.
பள்ளியில் மணி அடிக்கிறது.
கரைச்சரிவில், கல்லுக்கு மூன்று அடி மேலே
ஒரு சாண் முசாசா,
செம்புக் கொழுந்து, அவ்வளவு அழகு.
வேரோடு வர இரண்டு கையும் வேண்டியிருந்தது.
பாட்டிலைக் கீழே வைத்தேன்.