முந்நூற்றிருபது அடி

பாலக்கோடு தாலுகா ஆபீஸில்
அமைதிக் கூட்டம் என்றால்
தட்டச்சு என் வேலை.
கடைசி வரி விரலுக்கே மனப்பாடம்:
'கூட்டம் சுமுகமாக முடிந்தது.'
ஆறு முறை சுமுகமாக முடிந்ததற்கு
ஏழாம் முறை நாற்காலி போட்டோம்.

கொண்டேரிப்பட்டியில் ஒரு தெருத் துண்டு.
மேளம் அதன் எந்த முனையில் ஓய வேண்டும்,
கொடிக்கம்பம் நிற்பது யார் மண்
என்று வழக்கு, தடை, வாய்தா.
அதற்குக் கீழேதான்
ஒகேனக்கல் தண்ணீர் போகவேண்டும்.

அத்தனை மேடேறி
ஊர் எல்லை வரை வந்துவிட்டது காவிரி.
அங்கே ஒரு தகர போர்டு:
'நாட்டின் வளர்ச்சிப் பணி நடைபெறுகிறது.'
பதினோரு மாதமாகக் குழாய்கள் வெயிலில்.
ஒன்றுக்குள் ஒரு நாய்
இரண்டாம் ஈத்தும் போட்டுவிட்டது.
நாடு அதைத் தாண்டி நகரவில்லை.

தீர்த்தகிரி மேசையைத் தட்டிப் பேசுவார்.
ஷர்புதீன் கைக்குட்டையை
உதட்டருகே பிடித்துக்கொண்டு பேசுவார்.
இருவரும் சிரித்து நான் பார்த்ததில்லை.
பகை என்று நினைத்திருந்தேன்.
பற்கள்.
போர் தண்ணீர் ஏற்றிய காவிக்கறை
இருவருக்கும் ஒரே அளவு.

மருத்துவ முகாமின் பட்டியல்
தெருவுக்கொன்றாக வந்திருந்தது,
ஒன்று பச்சை மையில், ஒன்று நீலத்தில்.
தாசில்தார் ஒரே தாளில் கேட்டார்.
நல்லெண்ணமெல்லாம் கிடையாது,
பசி நேரம்,
அகர வரிசைக்குப் பொத்தானை அழுத்தினேன்.

அம்மாசி, வயது 9, முழங்கால் வளைவு.
ஆயிஷா, வயது 9, முழங்கால் வளைவு.
இருசம்மாள், 34, கழுத்து திரும்பாது.
இனாயத்துல்லா, 36, கழுத்து திரும்பாது.

தன் பேத்தியைத் தேடிய விரல்
அடுத்த தெருப் பெயர்கள் மேலேதான்
ஊர்ந்து போக வேண்டியிருந்தது.
ஷர்புதீன் விரல் இரண்டாம் வரியில் நின்றது.
"இந்த அம்மாசி யாரு?"
"என் பையன் மக" என்றார் தீர்த்தகிரி,
மேசையைத் தட்டாமல்.
மின்விசிறி மட்டும் கொஞ்ச நேரம் பேசியது.

வார்டு உறுப்பினர் முனிரத்தினம்மா
தெலுங்கில் இருவரையும் திட்டிவிட்டுத்
தமிழில் சொன்னாள்:
"மேளத்தையும் கம்பத்தையும்
கோர்ட்டிலேயே வெச்சுக்குங்க.
பள்ளத்துக்கு மட்டும் கையெழுத்துப் போடுங்க."

எந்த முனையில் முதல் மண்வெட்டி?
அதற்கு ஒன்றரை மணி நேரம்.
இரு முனையிலும், ஒரே நாள், காலை எட்டுக்கு.
ராத்திரி காவலுக்கு
இந்தத் தெருவிலிருந்து நான்கு பேர்,
அந்த நான்கு பேரை நம்பாமல்
அந்தத் தெருவிலிருந்து நான்கு பேர்.
மூன்றாம் இரவு மழை.
எட்டுப் பேருக்கும் ஒரே தார்ப்பாய்தான் இருந்தது
என்று பொக்லைன் டிரைவர் சொன்னான்.
என்ன பேசினார்கள் என்று கேட்டேன்.
'பஸ் நேரம்' என்றான்.

நடவடிக்கைக் குறிப்பில் எழுதினேன்:
மேளம் பற்றி முடிவில்லை.
கொடிக்கம்பம் பற்றி முடிவில்லை.
குழி தோண்ட இரு தரப்பும் சம்மதம்.
கடைசி வரிக்கு விரல் தானாக ஓடியது,
'சுமுகமாக'வை மட்டும்
ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன்.

குழாயைத் தூக்கிய அன்று
ஆட்சேபம் தெரிவித்தது நாய் ஒன்றுதான்.
குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விப்போய்
வளர்ச்சிப் பணி போர்டின் நிழலில் வைத்து,
தோண்டுகிறவர்களைப் பார்த்து
மாலைவரை குரைத்தது,
இரு பக்கமும்.