மூலைக்கு மூலை

ஹாகனில் ஞாயிற்றுக்கிழமை
கிரைண்டர் வாய் திறக்கக் கூடாது.
ஆகவே டேப்பை இழுத்து அளக்கிறேன்.

முன் இடமிருந்து பின் வலம்:
மூவாயிரத்து நூற்றுப் பதினொன்று.
முன் வலமிருந்து பின் இடம்:
மூவாயிரத்து நூற்றுப் பதினைந்து.

நேற்று, கடைசிப் பற்றவைப்புக்கு முன்
இரண்டும் ஒன்றாய் இருந்தன.
சாட்சி, தரையில் சாக்பீஸ் எழுத்து,
அதன்மேல் என் பூட்ஸ் தடம்.

ஹாட் ராட் என்றால் என்ன என்று
அம்பிகைபாகன் முன்பு கேட்டதற்கு
"பானட் இல்லாத அவசரம்" என்றேன்.
"முழுக் காராகவே வாங்கலாமே" என்றவன்
இன்று, வாழைப்பழப் பெட்டிகளை வெட்டி
நான் ஒட்டிய அட்டை எஞ்சினை
நிஜக் கனம்போல் மூச்சுப் பிடித்துத் தூக்கி
சட்டத்தின் நடுவே வைக்கிறான்.

நாலு மில்லிமீட்டர்.
ஒரு சோற்றுப் பருக்கை இதைவிட நீளம்.
ஆட்டோபானில், நூற்று நாற்பதில்,
அந்தப் பருக்கைதான் ஸ்டியரிங்கைத் திருப்பும்.

திங்கள் மாலை.
சரிந்த சில்லறை அடுக்குபோல்
என் கையில் வந்ததிலேயே அழகான பற்று.
வெட்ட வேண்டியதும் அதைத்தான்.
"பொறி பறக்கும், எஞ்சினை வெளியே வை."
ஒற்றைக் கையில் போயிற்று எஞ்சின்.

வட்டு பாதிதான் இறங்கியிருக்கும்.
டங்.
யாரும் தொடாமல் இரும்பு விலகிக்கொண்டது.
இரண்டு இரவு
பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறது.

டேப்பின் மறுமுனையில் மண்டியிட்டு
"பதிமூன்று" என்கிறான்.
மற்ற மூலைக்கு நகர்ந்து,
கொஞ்சம் தாமதித்து,
"பதிமூன்று."

இனி விரற்கடை விரற்கடையாய்,
மூலை மாற்றி, ஆறவிட்டு ஆறவிட்டு.
முகமூடியை இறக்குகிறேன்.

வெளியே மழை.
எஞ்சின் நனைந்து மடங்குகிறது.